சேஸிஸ்காரர்

இங்கிலாந்தில் இப்படி ஒரு ரகம் உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தினம் ஓட்டும் கார் வாசலில் மழையில் நனையும். ஷெட்டுக்குள் ஹீட்டர் போட்டு அவர் காப்பாற்றுவது 1972-ஆம் வருஷத்து டிரையம்ஃப் டி.ஆர்.6. கவென்ட்ரியில் பிறந்தது, இரண்டரை லிட்டர், ஆறு சிலிண்டர். விற்றவர், "அடியில லேசாத் துரு இருக்கும்" என்றாராம். இவர் ஸ்குரூ டிரைவரால் லேசாகத்தான் குத்தினார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

அன்றிலிருந்து அவருக்கு உலகம் இரண்டே பகுதி: சேஸிஸ், மற்றவை. மனைவி இரண்டாவதில் வருகிறார்.

இந்தக் காரில் பாடி வேறு, அதைத் தாங்கும் சட்டமான சேஸிஸ் வேறு. போல்ட்டைக் கழற்றித் தனியே தூக்கிவிடலாம். ஆனால் தூக்குமுன் கதவு நிலைக்குக் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைக்காவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து, ஜென்மத்துக்கும் கதவு சாத்தாது. இதைக் கல்யாண விருந்திலும் சொல்வார். பின்சக்கரக் கைகள் பொருந்தும் இடத்தில் தகட்டின் மேல் தகடு, இடுக்கில் புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை என்னும்போது குரல் தழுதழுக்கும். டிஃபரன்ஷியலைத் தாங்கும் நான்கு பிடிமானங்களில் பெரும்பாலும் முன்வலதுதான் முதலில் விரிசல் விடும். கிளட்சை விட்டதும் பின்னாலிருந்து 'டொக்' என்று கேட்கும். அந்த 'டொக்'கை வாயாலேயே செய்து காட்டுவார். தத்ரூபம்.

துருப்பிடித்ததை அறுத்தார். புதுத் தகடு வைத்தார். பிடிமானங்களைப் பெட்டி போல மூடி உறுதியாக்கினார். ஒரே மூச்சாக வெல்டிங் செய்தால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அதனால் இங்கே இரண்டு விரற்கடை, அங்கே இரண்டு விரற்கடை, நடுவில் ஆறட்டும் என்று ஒரு தேநீர். கணக்குப் பார்த்தால் தேநீர்தான் அதிகம்.

பிறகு கறுப்புப் பெயின்ட், முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. இனிப் பாடியை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. ஏற்றினால் இத்தனை அழகும் மூடிப்போகுமே! மூன்று வருஷமாகப் பாடி ஸ்டாண்டில் நிற்கிறது. "ஒரே ஒரு பிரேக் குழாய் வரணும்" என்கிறார். அந்தக் குழாய் மேசைமேல் கிடப்பதை நானே பார்த்தேன்.

அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தால் வெள்ளைச் சட்டை வேண்டாம். கீழே படுத்துப் பார்த்தால்தான் வெல்டிங் தெரியும் என்பார், விடமாட்டார்.