பாஸ் இருக்குதுங்களா?

திருப்பூரில் இவரைத் தெரியாதவர் கிடையாது. காதர்பேட்டையில் ஒருவர், 15 வேலம்பாளையத்தில் ஒருவர், அனுப்பர்பாளையத்தில் இரண்டு பேர் என்று ஊரெங்கும் பரவிக் கிடக்கிறார். சொந்தமாக ஒரு சின்ன பனியன் கம்பெனி. எந்த விசேஷம் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "ஏனுங்க, பாஸ் இருக்குதுங்களா?"

டிக்கெட் வேண்டாம். அது காசு கொடுத்தால் எவனுக்கும் கிடைத்துவிடும். பாஸ் என்றால் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். பீஸுக்கு நாலணா கூட்டிக் கேட்ட ஓவர்லாக் டெய்லரோடு அரை நாள் மல்லுக்கு நிற்கும் மனிதர், ஒரு பாஸுக்காகக் கோயமுத்தூர் வரை கார் ஓட்டிப் போய் வருவார். பெட்ரோல் கம்பெனிச் செலவு. 2025 ஐபிஎல்லில் சென்னை கடைசி இடத்துக்குச் சரிந்தபோது மட்டும் வாயே திறக்கவில்லை. கேட்டால் கிடைத்துவிடுமோ என்ற பயம்.

அதே வருஷம் டிஎன்பிஎல்லில் திருப்பூர் தமிழன்ஸ் பைனலுக்குப் போனது. காரைக்குடிக் காளையாக இருந்து நம் ஊர்ப் பெயருக்கு மாறிய அணி. பக்கத்துக் கோவையிலேயே லீக் ஆட்டங்கள் நடந்தபோது அண்ணன் எட்டிப் பார்க்கவில்லை. பைனல் என்றதும் "நம்ம டீமுங்க!" ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம். எதிரே அஸ்வின் தலைமையில் நடப்புச் சாம்பியன் திண்டுக்கல் டிராகன்ஸ், அதுவும் அவர்கள் சொந்த மண்ணில்.

சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா. காதுக்கும் தோளுக்கும் நடுவே போன்.

"மாமா, உங்க மச்சினன் திண்டுக்கல் பக்கந்தானுங்களே? ஆறு பாஸ் போதுமுங்க. விஐபின்னா தேவலை. சோறு உண்டுங்களா?"

இந்தக் கவனத்தில் செக்கிங் அக்காவிடம் சிங்கர் டெய்லரின் கவரை நீட்டிவிட்டார். அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல் நடையைக் கட்டியது.

மாமா ஒருவரைக் கேட்க, அவர் சாயப்பட்டறைக்காரரைக் கேட்க, அவர் இன்னொருவரைக் கேட்க, ராத்திரி பத்து மணிக்கு அண்ணனுக்கே ஒரு போன்: "அண்ணா, உங்களுக்கு ஆள் பழக்கமாமா. பைனலுக்கு ஆறு பாஸ் கிடைக்குங்களா?" யாருக்கு என்று விசாரித்தால், சுற்றி வளைத்து இவருக்குத்தான். சும்மா விடுவாரா? "பார்க்கலாமுங்க, கஷ்டந்தான்" என்று பிகு பண்ணிவிட்டே வைத்தார்.

பவர் டேபிள் பையன்கள் காலையிலேயே வேன் பிடித்து தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகக் கிளம்பிவிட்டார்கள். அண்ணனுக்கு மத்தியானம் ஒரே ஒரு பாஸ் வந்து சேர்ந்தது. ஏதோ ஐரோப்பிய கிளப்பின் ஏற்றுமதி மிச்ச டி-சர்ட்டை மாட்டிக்கொண்டு தனியாகவே விரட்டிப் போனார்.

துஷார் ரஹேஜா 77, அமித் சாத்விக் 65, திருப்பூர் 220. மைதானமே எழுந்து நின்றது. அண்ணனும் நின்றார், எதிர்ப்பக்கம் சோபா போட்டிருப்பது தெரிகிறதா என்று. "மாமா, அந்தப் பக்கத்துக்கு ஒரு பாஸ் சொல்ல முடியுங்களா?" மாமா லைனில் வருவதற்குள் திண்டுக்கல் 102-க்குச் சுருண்டது. 118 ரன் வித்தியாசத்தில் ஜெயித்து திருப்பூர் கேப்டன் சாய் கிஷோர் முதல் கோப்பையைத் தூக்கினார். அண்ணனுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கோப்பை இல்லை, ஆட்டம் இல்லை. கழுத்தில் தொங்கும் பாஸ் மட்டும் நாலு கோணத்தில்.

அடுத்த வருஷ பைனலுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். நம் டீம் வராவிட்டால்?

"எந்த டீமோ வந்துட்டுப் போகட்டுங்க. சோபா பக்கம் கிடைக்குமா, அதைச் சொல்லுங்க."