லேஸ் கோர்க்கும் அக்காவுக்கு

ஆஃபன்பாக், ஜெர்மனி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஷூ கம்பெனி பஸ் இப்போதாவது நம் தெரு முனையில் நிற்கிறதா, இல்லை இன்னும் பைபாஸ் வரைக்கும் ஓட விடுகிறார்களா?

உன் மருமகன் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். எழுதப் படிக்க இன்னும் யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அதெல்லாம் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளுமாம். அதற்குள் ஷூ லேஸ் கட்டத் தெரிந்தால் போதுமாம்! நம் ஊரில் எல்.கே.ஜி. பிள்ளை ஏ முதல் இசட் வரை ஒப்பிக்கும், ஷூவை மட்டும் அம்மா மாட்டிவிடுவாள். இங்கே அப்படியே தலைகீழ். லேஸ் கட்டிக் காட்டினால் கிண்டர்கார்டனில் சான்றிதழ் தருகிறார்கள். அதற்குப் பெயர் டிப்ளமா. மாமா பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் மாரடித்து வாங்கியதும் அதேதான். அவரிடம் சொல்லிவிடாதே.

நான் ஆம்பூர்க்காரன் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டம்மா, "அப்ப உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்கிற தொனியில் சிரித்தார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஒரு பாலாற்றங்கரையே வெள்ளைக்காரன் காலுக்கு ஷூ தைக்கிறது, உண்மைதான். அந்தக் கரையில் வளர்ந்த நாம் போட்டுக்கொண்டு திரிந்தது ஹவாய் செருப்பு என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

சும்மா சொல்லக்கூடாது, இதுவும் தோல் ஊர்தான். 1917-இல் தொடங்கிய தோல் அருங்காட்சியகம் ஒன்று இங்கே இருக்கிறது. அதற்குள் ஷூவுக்கென்றே தனிப் பகுதி. பையனுக்கு ஆர்வம் வரட்டும் என்று கூட்டிப்போனேன். பல நாட்டு, பல காலத்துச் செருப்புகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதில் ஒட்டுற ஷூ எங்கே?" என்றான்.

வெல்க்ரோவைச் சொல்கிறான். ஜார்ஜ் தெ மெஸ்திரால் என்ற சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் 1941-இல் நாயோடு நடக்கப் போனாராம். நம் நாயுருவி மாதிரி ஏதோ முள்விதை நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொள்ள, அதை உற்றுப் பார்த்துப் பார்த்து வெல்க்ரோவைக் கண்டுபிடித்துவிட்டார். நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். பையன் இடதுகைப் பழக்கக்காரன். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து கட்டினால் அவனுக்குப் பிடிபடாது. எதிரே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி செய்யச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம் என்று இரண்டு நிற லேஸ் போட்டேன். குறுக்கே போட்டு, அடியில் நுழைத்து இழுப்பது வரை ராஜாதான். ஒரு லேஸைக் காது மாதிரி மடிப்பான், இன்னொன்றைச் சுற்றுவான். கட்டைவிரல் பக்கத்துச் சந்தில் அதைத் தள்ள வேண்டிய நேரத்தில் பிடித்த காதை விட்டுவிடுவான். எல்லாம் பொலபொலவென்று உதிரும். "லேஸ்தான் சரியில்லை" என்பான். அதுவும் பாதி நிஜம். வழவழவென்ற உருண்டை லேஸ் சின்னக் கைக்கு நிற்பதே இல்லை.

கட்டிவிட்டாலும் ஓடினால் அவிழ்கிறது. இதைக்கூட அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆராய்ந்து 2017-இல் கட்டுரை போட்டார்கள். கால் தரையில் மோதும் அதிர்ச்சியில் முடிச்சு தளர்கிறது, காலை வீசும்போது நுனிகள் ஆடி அதை இழுத்துவிடுகின்றன. கட்டிய முடிச்சு சரியா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன், உன் பிள்ளைகளுக்கும் உதவும். இரண்டு காதும் ஷூவுக்குக் குறுக்கே படுத்தால் நல்ல முடிச்சு. ஒன்று விரல் பக்கமும் மற்றது குதிகால் பக்கமும் திரும்பினால், முதல் சுற்றை எதிர்த்திசையில் மாற்றிப் போட வேண்டும்.

போன வாரம் டிப்ளமா கைக்கு வந்துவிட்டது. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

அடுத்த முறை யாராவது இந்தப் பக்கம் வந்தால் தட்டையான பருத்தி லேஸ் நாலு ஜோடி கொடுத்தனுப்பு. பேக்கிங் செக்‌ஷனில் இருந்து எடுக்காதே, கடையில் வாங்கு.

உன் வேலையைப் பற்றி அவனிடம் சொன்னேன். "அத்தை ஒரு நாளைக்கு எத்தனை ஷூவுக்கு லேஸ் கட்டுவாங்க?" என்றான். "கட்ட மாட்டாங்கடா, ஓட்டையில கோர்த்துப் பெட்டியில வைப்பாங்க" என்றேன். "அப்ப பாதி வேலைதான் செய்றாங்களா?" என்கிறான். டிப்ளமா வாங்கிய திமிர். டிசம்பரில் கூட்டிவருகிறேன், நீயே பேசித் தீர்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி