ஒட்டு வால்

எங்கள் கொல்லைப்புறத்தை ஒட்டி ஒரு தரிசு. அங்கே ஒரு மயில் காலையில் வந்து தோகை விரிக்கும். என் பக்கம் அதன் முதுகுதான் தெரியும். வாயில் பிரஷ்ஷோடு பார்த்துக்கொண்டிருப்பேன். தோகை என்று நாம் கொண்டாடுவது அதன் வாலே இல்லை. வாலுக்கு மேலே முளைத்த மூடிறகுகள். அசல் வால் குட்டையாகப் பின்னால் நின்று முட்டுக்கொடுக்கிறது, சினிமா கட்அவுட்டுக்குச் சவுக்குக்கட்டை நிற்பதுபோல.

முன்னால் மூன்று பெட்டைமயில்கள். எதையோ கொத்தித் தின்றுகொண்டிருக்கும். நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவன் உடம்பைச் சிலிர்த்துச் சிலிர்த்து ஆடுவான். எனக்குத்தான் அவமானமாக இருக்கும்.

டார்வினையும் இந்த மயில் படுத்தியிருக்கிறது. அதன் இறகைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று 1860இல் அமெரிக்கத் தாவரவியலர் ஆசா கிரேக்கு எழுதினார். நாய் துரத்தினாலும் தூக்கிக்கொண்டே ஓடவேண்டிய இந்தச் சுமை எதற்கு? 1871இல் பதில் சொன்னார்: பெட்டைகளுக்குப் பிடிக்கிறது, அதனால் வளர்கிறது. பெண்பறவைக்கு அவ்வளவு ரசனையா என்று சக இயற்கையியலர் வாலஸே ஒப்பவில்லை.

பெட்டைகளின் ரசனையைச் சோதிக்க, ஸ்வீடன்காரர் மால்ட்டே ஆண்டர்சன் கத்தரிக்கோலும் பசையுமாகக் கென்யாவுக்குப் போனார். அங்கே விடோபேர்ட் என்று ஒரு குருவி. ஆணுக்குக் கறுப்பு உடம்பு, தோளில் சிவப்பு, அரை மீட்டர் வால். சில ஆண்களின் வாலை நறுக்கி, வேறு சிலரின் வாலில் ஒட்டி நீட்டினார். தன் வாலையே வெட்டித் தனக்கே ஒட்டிக்கொண்ட அப்பாவிகளும் உண்டு. மவுசு வாலுக்கா பசைக்கா என்ற சந்தேகம் வரக்கூடாதல்லவா! 1982இல் முடிவு வெளியானது. நீள ஒட்டு வால்காரர்களின் எல்லைக்குள்தான் பெட்டைகள் அதிகம் கூடு போட்டிருந்தன.

இதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது. நானும் ஒட்டு வாலோடுதான் பெண் பார்க்கப் போனேன். கையில் நண்பனின் தங்கநிற வாட்ச், விரலில் மச்சானின் மோதிரம், மேலே பெரியப்பா மகனின் சட்டை. வாட்ச் தளர்ந்து முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடைபயின்றது. யாரும் கேட்காமலே நான்கு முறை மணி சொன்னேன். பெண் தலைகுனிந்தபடி காபி கொடுத்துவிட்டுப் போனாள். சம்மதம் என்று தகவல் வந்ததும் வாட்சுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

அண்மையில் இன்னொன்று படித்தேன். ஜெசிகா யோர்சின்ஸ்கி என்ற ஆய்வாளர், பெட்டைமயில்களின் தலையில் குட்டிக் கேமரா மாட்டி, கண் எங்கே போகிறதென்று பார்த்திருக்கிறார். 2013இல் வெளியான ஆய்வு. எதிரே ஆண் ஆடினாலும் மூன்றில் ஒரு பங்கு நேரம்கூட அதைப் பார்ப்பதில்லையாம். பார்த்தாலும் பெரும்பாலும் தோகையின் அடிப்பகுதியைத்தான்!

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவியிடம் ஓடினேன்.

"அன்னைக்கு என் வாட்ச்சைப் பாத்தியா?"

"வாட்ச்சா? நான் எங்கேங்க நிமிந்தேன்? ஷூவை வாசல்ல கழட்டிட்டு வந்தீங்களா, வலதுகால் சாக்ஸ்ல ஓட்டை. பெருவிரல் வெளிய எட்டிப் பாத்துச்சு. சித்திகிட்டகூடச் சொல்லிச் சிரிச்சேன்."

"அப்புறம் ஏன் சரின்னு சொன்னே?"

"நகத்தைச் சுத்தமா வெட்டியிருந்தீங்க. ஒழுங்கான ஆளுன்னு நெனச்சேன்."

அன்று காலை திண்ணையில் உட்காரவைத்து, திட்டிக்கொண்டே அந்த நகத்தை வெட்டிவிட்டது என் அக்கா. அதை இவளிடம் இதுவரை சொல்லவில்லை.