ஜாவா கிளையண்டில் இடைச்செருகல்: ஓர் ஆய்வு

சுவடிப் பதிப்பாசிரியர்கள் இடைச்செருகலைக் கண்டறிந்து களைவதிலேயே கண்ணொளி இழந்தனர். இடைச்செருகலை முறைப்படிச் செய்வதற்கென்றே இலக்கணம் வகுத்த மரபும் ஒன்று உண்டு. அதுவே 2006இல் ஜாவா 6இல் இடம்பெற்ற ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் என்னும் இணையச் சேவை ஏபிஐ. கிளையண்ட் எழுதிய சோப் செய்தி வெளியேறுமுன் இடையில் புகுந்து கைவைக்கும் நிரலை இம்மரபினர் ஹேண்ட்லர் என்பர். அதைச் செருகும் முறையும், செருகியும் அது செருகப்படாத மாயமும் இங்கு ஆராயப்படுகின்றன.

1. வகைப்பாடு

ஹேண்ட்லர் இருவகைப்படும். லாஜிக்கல் ஹேண்ட்லர் செய்தியின் உடலை மட்டும் தொடும். சோப் ஹேண்ட்லர் தலைப்பகுதி உட்பட முழு உறையையும் பிரிக்கும். டோக்கன், கடவுச்சொல் முதலியவற்றைத் தலைப்பில் செருக வல்லது இதுவே. செய்தி போகையில் லாஜிக்கல் முன், சோப் பின்; வருகையில் இம்முறை தலைகீழாகும். பட்டியலில் மாற்றி அடுக்கினாலும் ரன்டைம் தன் முறைப்படியே அடுக்கிக்கொள்ளும் என்க.

2. செருகியும் செருகாமை

கிளையண்டின் பைண்டிங்கைப் பிடித்து கெட்ஹேண்ட்லர்செயின் என்று அழைத்தால் ஒரு பட்டியல் கிடைக்கும். அதில் நம் ஹேண்ட்லரைச் சேர்க்கிறோம். கம்பைல் ஆகிறது; ஓடுகிறது; எக்செப்ஷன் இல்லை; ஹேண்ட்லரும் இல்லை. கைக்கு வந்தது நகல் என்பதே காரணம். ரேஷன் கார்டின் ஜெராக்ஸில் பேரன் பெயரை எழுதிவிட்டுக் கடையில் கூடுதல் அரிசி கேட்பதை இது ஒக்கும். திருத்திய பட்டியலை செட்ஹேண்ட்லர்செயின் வழியாகத் திருப்பிக் கொடுத்தால்தான் பெயர் ஏறும். மூல ஆவணம் இதைத் தெளிவாகவே கூறுகிறது. ஆயினும் ஆவணம் படித்தல் நிரலாளர் மரபன்று.

3. மெய்யும் பொய்யும்

ஹேண்ட்லரின் ஹேண்டில்மெசேஜ் மெதட் ட்ரூ என்றால் செய்தி மேலே செல்லும். எக்லிப்ஸ் தானே எழுதித் தரும் வெற்று மெதடிலோ ‘ரிட்டர்ன் ஃபால்ஸ்’ என்றிருக்கும். அதை அப்படியே விட்டால், கோரிக்கை சர்வரை எட்டிக்கூடப் பாராமல் பாதி வழியிலேயே திரும்பும்.

இன்னொரு நுட்பம்: இந்த ஒரே மெதட் போகும் செய்திக்கும் வரும் செய்திக்கும் அழைக்கப்படும். திசை காட்டுவது மெசேஜ் அவுட்பவுண்ட் ப்ராப்பர்ட்டி. அதைப் பாராதவர், சர்வர் அனுப்பிய பதிலிலும் தம் கடவுச்சொல்லைச் செருகித் தமக்கே சமர்ப்பித்துக்கொள்வர்.

4. முடிபு

2018இல் ஜாவா 11 இம்மரபைத் தன்னிலிருந்து நீக்கிவிட்டது. தனி ஜார் கோப்பாகச் சேர்த்துக்கொண்டு ஓதுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு இவ்வாய்வு தரும் விதி மூன்று: நகலைத் திருப்பிக் கொடு, ட்ரூ சொல், திசை பார். மூன்றும் செய்த பின்னும் “டோக்கன் வரவே இல்லை” என்று சர்வர் தரப்பு சாதித்தால், அவர்கள் பொய்யர் என்று முடிவுகட்டுதல் கூடாது. ஹேண்ட்லர் சர்வர் பக்கத்திலும் உண்டு. இங்கே செருகியதை அங்கே ஒருவர் உருவியிருக்கக்கூடும்.