காரிலேயே போயிடலாம்!

மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் மற்றவர்கள் யாரைப் பிடித்து ரத்து செய்யலாம் என்று யோசிப்பார்கள். நம்மவர் அதற்குள் ஸ்டெப்னியில் காற்று பார்த்திருப்பார். டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பல வருஷம் குப்பை கொட்டியாயிற்று, இனி மதுரை. மனைவி, ஆறு வயதுப் பெண், புரூனோ என்கிற லாப்ரடார், லட்டு என்கிற தெருநாய், இவ்வளவு பேரும் போய்ச் சேரவேண்டும். "நாய்ங்கள எப்படிங்க கூட்டிட்டுப் போறது?" என்று மனைவி கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: "இதென்ன பெரிய விஷயம்? காரிலேயே போயிடலாம்!"

எல்லா மத்திய அரசு அலுவலகத்திலும் இப்படி ஒருவர் உண்டு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அவர் முன்னால் ஏதாவது ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "நாக்பூரா? ஆயிரத்துச் சொச்சம். ரோடு பிரமாதம்" என்பார். உங்கள் தங்கையை நாக்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறீர்கள் என்பதுதான் நீங்கள் சொல்லவந்தது. அது அவர் காதில் ஏறாது.

காரில் போவதற்கான காரணங்களை நீதிமன்ற மனு தோரணையில் அடுக்குவார். ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூப்பே முழுக்க நமக்கே கிடைக்கவேண்டும். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் இருக்கும் இரும்புப் பெட்டிதான். "புரூனோ அதுல போவானா? இடி இடிச்சாலே கட்டிலுக்கு அடியில ஒளியறவன்." விமானத்திலோ சாமான்கள் போகும் கீழ்த்தளத்தில் கூண்டில் அடைத்து அனுப்பவேண்டும். அதைச் சொன்னாலே பெண் அழ ஆரம்பித்துவிடுவாள், தந்தைக்கு ஒரு சாட்சி கிடைத்தது.

மூன்றாவது காரணம்தான் வலுவானது. வண்டி டீசல், வயது ஒன்பதைத் தாண்டிவிட்டது. டெல்லியில் 10 வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருந்த காலம் அது. ஆகவே ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. வாங்கி, தலைநகரில் ஆயுள் முடிய இருந்த வண்டியைத் தெற்கே கொண்டுபோய் வாழவைக்கப் போகிறார். இதைச் சொல்லும்போது அவர் குரல் லேசாகத் தழுதழுக்கும். கல்யாண நாளன்றுகூட அப்படித் தழுதழுத்ததில்லை என்பது மனைவியின் தரப்பு.

மனுவில் சேராத காரணம் ஒன்று உண்டு. வருஷம் முழுக்க மேலிடத்து உத்தரவுப்படி உட்காருகிற, எழுந்திருக்கிற மனிதர் அவர். ஊர் மாறுவதும் உத்தரவுப்படிதான். எந்த ஊருக்கு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. எப்படிப் போவது என்பதையாவது அவர் முடிவு செய்யலாம் அல்லவா? ஸ்டியரிங் கையில் இருக்கும் அந்தச் சில நாட்களுக்கு அவர்தான் மேலிடம்.

மேலிடம் என்றால் கோப்பு வேண்டும். எக்செல் ஷீட் தயாரானது. புறப்படும் நேரம், சேரும் நேரம், டோல், டீசல், சாப்பாடு, சிறுநீர். கடைசிக் கட்டத்தை மனிதர், நாய் என்று இரண்டாகப் பிரித்திருந்தார். கூடவே பயணப்படி விதிகளையும் புரட்டினார். அவர் தகுதிக்கு வீட்டுச் சாமான் 6,000 கிலோ வரை கொண்டுபோகலாம், ஒரு கார் கொண்டுபோகலாம், கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மாற்றல் மானியமும் உண்டு. நாய் என்ற சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. புரூனோவை வீட்டுச் சாமானில் சேர்த்தால் 34 கிலோ, 6,000க்குள் தாராளமாக அடங்கும். "சாமான்னா லாரியிலதானே போகணும்?" என்று மனைவி கேட்டதோடு அந்த யோசனை கைவிடப்பட்டது.

லாரி வந்தது. லாரிக்காரர்கள் ஏற்றமாட்டோம் என்று ஒதுக்கியவை எல்லாம் காரில் ஏறின. துளசித் தொட்டி, ஊறுகாய் ஜாடி, சாமி படங்கள், நாய்த்தீனி மூட்டை. பின்சீட்டில் கால் வைக்கும் பள்ளத்தைத் துணி மூட்டைகளால் நிரப்பி, மேலே டெல்லிக் குளிருக்கு வாங்கிய ரஜாயை விரித்து, சமதரையாக்கி, நாய்களுக்கு ராஜோபசாரம் நடந்தது. பெண் ஒரு ஓரம், புரூனோ நடுவில், லட்டு ஜன்னலோரம். மனைவி முன்சீட்டில், துளசித் தொட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்து, ஊறுகாய் ஜாடியை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பால் காய்ச்சற பித்தளைப் பாத்திரத்த லாரியில போடாதீங்க, கையில வச்சுக்கணும்" என்று மூன்று முறை சொல்லியிருந்தாள். அதுவோ அவள் சொன்னதற்கு மூன்று மணி நேரம் முன்பே லாரியின் அடிமட்டத்தில், பீரோவுக்குப் பின்னால் இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

எக்செல்படி புறப்பாடு காலை நான்கு மணி. நான்கு மணிக்கு எல்லாரும் எழுந்தது உண்மை. லட்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் உண்மை. எட்டு மணிக்கு வண்டி நகர்ந்தபோது மேலிடம் முதல் சுற்றறிக்கையை வெளியிட்டது: "நாலு மணி நேரம் லேட். வழியில யாரும் எதுக்கும் நிறுத்தச் சொல்லக்கூடாது."

கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ராவுக்கு யமுனா எக்ஸ்பிரஸ்வே 165 கிலோமீட்டர். கார்களுக்கு மணிக்கு நூறுவரை அனுமதி உண்டு. இந்தக் கட்டத்தில் அவரைப் பார்க்கவேண்டும். முதுகு நிமிர்ந்திருக்கும், ஒரு கை மட்டும் ஸ்டியரிங்கில் இருக்கும். "பாத்தியா? பிளைட்ல போனா இதெல்லாம் வருமா?" என்பார். இதெல்லாம் என்றால் எதெல்லாம் என்று ஜன்னல் வழியே மனைவி தேடிப் பார்ப்பாள். கோதுமை வயல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆக்ராவில் அரைக் கிலோ பூசணிக்காய் மிட்டாய் வாங்கியது பெரிய பிழை என்று சொல்லமுடியாது. அதைப் புரூனோ பக்கத்தில் வைத்ததுதான் பிழை. தோல்பூர் தாண்டிச் சம்பல் பாலம் வருகிறது. "இந்தப் பள்ளத்தாக்குலதான் ஒரு காலத்துல கொள்ளைக்காரங்க..." என்று தகப்பனார் தொடங்கும்போது பின்னாலிருந்து காலி அட்டைப் பெட்டி சரசரத்தது. கொள்ளை ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. மொரேனாவுக்கு முன்பே அதன் விளைவு ரஜாய் மீது வந்து சேர்ந்தது. வழியில் யாரும் நிறுத்தச் சொல்லக்கூடாது என்ற சுற்றறிக்கை அத்தோடு காலாவதியானது. நடு வெயிலில், லாரிகள் ஹாரன் அடித்துப் போக, ஓர் அரசு அதிகாரி தண்ணீர்ப் பாட்டிலும் பழைய பனியனுமாகப் பின்சீட்டுக்குள் தலையை விட்டு நின்றார். புரூனோ புல்தரையில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதை மேற்பார்வை பார்த்தது.

லட்டுவின் வழக்கு நேர்மாறு. அதற்கு ஒன்றுமே வரவில்லை. எக்செல்லில் நாய்க்கென்று ஒதுக்கிய இடங்களிலெல்லாம் வண்டி நின்றது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போவார். லட்டு ஒரு புதரை முகரும், யோசிக்கும், நிராகரிக்கும். அடுத்த புதர், அதுவும் சரியில்லை. ஒரு வேப்ப மரத்தை மூன்று முறை சுற்றிவிட்டு, வேண்டாமென்று திரும்பி வந்து காரில் ஏறும். "போ கண்ணு, போயிடு" என்று அவர் கெஞ்சும் தொனியை அவருடைய அலுவலகப் பணியாளர்கள் கேட்டிருந்தால் ஒரு வருஷம் சம்பளமில்லாமல் வேலை பார்த்திருப்பார்கள்.

சிவனிக்கும் நாக்பூருக்கும் நடுவே பெஞ்ச் புலிக் காட்டைச் சாலை வெட்டிப் போகிறது. விலங்குகள் அடியில் கடந்துபோகட்டும் என்று அங்கே சாலையைத் தூண்கள் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். புலிகள் அந்த வழியைப் பயன்படுத்துவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. தகப்பனார் உற்சாகமாக இதை விளக்கினார். கிப்லிங், மௌக்ளி, சிவனிக் காடு எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெண் கேட்டாள்: "அப்பா, புலிக்கு டோல் உண்டா?"

"புலிக்கு எதுக்கும்மா டோல்?"

"அப்ப நாமளும் கீழ போயிருக்கலாம்ல?"

காலையிலிருந்து ஃபாஸ்டாக் கணக்கில் பணம் கரைவதை மொபைலில் பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

நாக்பூர் ஓட்டலில் போனிலேயே பேசி வைத்திருந்தார். "பெட் அலவுடுதானே? ஒண்ணே ஒண்ணு, சின்னக் குட்டி." ஒன்று இரண்டானதையும், குட்டி அவர் இடுப்புயரம் இருந்ததையும் வரவேற்பறைப் பையன் பார்த்தான். "சார், இது குட்டியா?" "வயசு குறைவுப்பா. உடம்புதான் இப்படி." பையன் கூடுதலாக ஒரு தொகை சொன்னான். அவர் டெல்லியின் பல வருஷ பேர அனுபவத்தையெல்லாம் திரட்டி இந்தியில் வாதாடிக்கொண்டிருக்கும்போதே புரூனோ மாடிப்படி ஏறிப் போய்ச் சரியான அறை வாசலில் படுத்துவிட்டது. பேரம் தோற்றது.

மறுநாள் காலை ஜீரோ மைல் கல்லின் முன் குடும்பப் போட்டோ. பிரிட்டிஷ் காலத்தில் நில அளவைக்காரர்கள் நட்ட கல், நாட்டின் நடுமையம் என்று ஊரார் பெருமையாகச் சொல்வது. அவர் செல்பிக்குக் கையை நீட்டும் நேரத்தில் லட்டு பக்கத்துப் புல்லை முகர்ந்தது. யோசித்தது. இந்த முறை நிராகரிக்கவில்லை. டெல்லியிலிருந்து கட்டிக்காத்து வந்ததை நாட்டின் நடுமையத்தில் இறக்கிவைத்தது. போட்டோவில் எல்லார் முகத்திலும் அப்படியொரு நிம்மதி. எதனால் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

அதன்பின் ஆதிலாபாத், ஹைதராபாத், கர்நூல், அனந்தபூர் என்று எல்லாம் ஒரே சாலை. காஷ்மீரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் நெடுஞ்சாலை, இந்தியாவிலேயே நீளமானது. 2010இல் எண்களை மாற்றும்வரை இந்தத் தென்பகுதிக்கு எண் ஏழு. அவர் இன்னமும் "செவன்" என்றுதான் சொல்வார். ஜி.பி.எஸ். பெண்மணி 44 என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் திருத்துவார். அந்தக் காரில் அவரை எதிர்த்துப் பேசாத ஒரே ஜீவன் அந்தப் பெண்மணிதான். அதனாலேயே அதனிடம் கொஞ்சம் அதிகமாகப் பேசினார்.

பெங்களூர் நெரிசலில் இரண்டு மணி நேரத்தைத் தொலைத்து, ஓசூரில் நுழைந்ததும் முதல் தமிழ்ப் போலீஸ்காரர் கை காட்டினார். டெல்லி நம்பர் பிளேட். காகிதங்களைப் புரட்டிவிட்டுப் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். "டெல்லியிலிருந்தா சார்? நாயெல்லாம் வச்சுக்கிட்டா? கார்லயேவா?" இந்த மூன்று கேள்விக்காகத்தானே அவர் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தது! வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, மொரேனாவிலிருந்து தொடங்கினார். அரை மணி கழித்துப் போலீஸ்காரர்தான், "நேரமாகுது சார், நீங்க கிளம்புங்க" என்று அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று.

மதுரை வீட்டுக்கு நடுராத்திரியில் வந்து சேர்ந்தார்கள். லாரி வரவில்லை. இவர்களுக்கு இரண்டு நாள் முன்னால் கிளம்பிய லாரி. டிரைவரின் போன் அணைந்திருந்தது. வீட்டில் இருந்த மெத்தை என்று சொன்னால் அந்த ரஜாய் ஒன்றுதான். மதுரை வெக்கையில், மொரேனா மணத்தோடு, அதன்மேல் முதலில் படுத்தது நாய்கள். விடிந்தால் முகூர்த்தம், பால் காய்ச்சவேண்டும். "அந்தப் பித்தளைப் பாத்திரத்த எடுங்க" என்றாள் மனைவி. அவர் சாமி படங்களைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். வீட்டில் இருந்த ஒரே எவர்சில்வர் பாத்திரத்தைப் புரூனோ வாயில் கவ்விக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவே வைத்தது. அதற்குப் பசி.

புளி போட்டு எத்தனை முறை தேய்த்தார்கள் என்பது அடுத்த வீட்டிலிருந்து அடுப்பு இரவல் கொடுத்த அம்மாளுக்குத்தான் தெரியும். பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகவே பொங்கியது. அது எதில் பொங்கியது என்பதை மாமியாருக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இப்போது அவர் மதுரை அலுவலகத்தின் அதிகாரபூர்வப் பயண ஆலோசகர். யாராவது விமான டிக்கெட் விலையை முணுமுணுத்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "காரிலேயே போயிடலாம்! சொகம்னா அது சொகம்!" எக்செல் ஷீட்டை எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. எல்லோரும் கும்பிடு இமோஜி போட்டுவிட்டு விமானத்தில்தான் போகிறார்கள்.

பயணப்படி பில்லும் போட்டார். லாரிக்கு இவ்வளவு, டோலுக்கு இவ்வளவு. ஒரு துணிச்சலில் கடைசி வரியாக ஓட்டலில் நாய்க்குக் கட்டிய கூடுதல் தொகையையும் எழுதிவைத்தார். கணக்குப் பிரிவு எழுத்தர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு நிமிர்ந்தார். "நாய்க்கு விதி இல்லை சார்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதை மனத்தாங்கலோடு சொன்னார். ரஜாயை மூன்றாவது தடவையாக அலசிக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "நாய்க்கு இல்லாட்டி என்ன? எனக்கு இருக்கே!"