லொள்ளின் குடியுரிமை: ஓர் ஆய்வு

ஆங்கிலப் படப்புத்தகத்து நாய் 'பவ் வவ்' என்கிறது. சிங்களத்து நாய் 'புஃ புஃ'. தமிழ் நாய் 'லொள் லொள்'. மூன்று மொழியும் புழங்கும் இலங்கையின் ஹட்டனில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் படுத்திருக்கும் நாய் எந்தக் கட்சி? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த நாய்க்குச் சோறு போட்டவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் அங்கே இந்தியாவில், 3,00,000 பேர் இங்கே இலங்கையில், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று தலை எண்ணிப் பங்கு வைத்தது. நாயை யாரும் விசாரிக்கவில்லை. அது லொள்ளிலேயே இருந்துவிட்டது.

அடுத்து மழை. 'பிட்டர் பேட்டர்' என்று ஆங்கில மழை பெய்யும்போது மொழிபெயர்ப்பாளர் 'சடசட' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார். லயத்துப் பிள்ளைக்கு மழை என்பது தகரத்தில் பெய்வது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து குந்தினால், முதலில் 'டொக், டொக்', பிறகு 'தடதட', அதற்கும் பிறகு, அம்மா கத்துவதுகூடக் காதில் விழாத ஒரு பேரிரைச்சல், அதற்கு எழுத்தே கிடையாது. ஓய்ந்தபின் ஆணி ஓட்டை வழியே சட்டிக்குள் 'ணங்... ணங்...'. ஒரு மழைக்கு நான்கு ஒலி. கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் புத்தகத்தில் ஒன்றுதான் இருக்கும், அதுவும் ஓட்டு வீட்டு மழை. நுவரெலியாத் தூறல் 'நசநச' வகை. அதற்குத் தனி ஆய்வேடு வேண்டும்.

ல, ட, ண மூன்றும் சொல்லுக்கு முதலில் வாரா என்பது தொல்காப்பிய விதி. நாயும் கூரையும் தொல்காப்பியம் படித்ததில்லை.

'ஹம்ப்டி டம்ப்டி' போன்ற ஓசை விளையாட்டைத் தமிழாக்கத் திணறுவோர் நம் 'கி'யை மறந்துவிடுகிறார்கள். அட்டைகிட்டை, துரைகிரை என்று எவரையும் ஓரெழுத்தில் கீழே இறக்கலாம். கிளி மட்டும் தப்பித்தது: 'கிளிகிளி' என்றால் கிளி இரண்டாகுமே தவிரக் கேலியாகாது.

மொழிபெயர்க்கவே முடியாத ஒன்றும் உண்டு. அபத்தப் பாடல்களுக்குப் பேர்போன எட்வர்ட் லியர், இந்தியாவில் பயணம் செய்துகொண்டிருந்த 1874இல் 'கம்மர்பண்ட்' என்றொரு பாடல் எழுதினார். காதில் விழுந்த இந்தியச் சொற்களைப் பொருள் பாராமல் ஓசைக்காகவே அள்ளிப் போட்டார். கம்மர்பண்ட் என்ற இடுப்புக் கச்சை அதில் ஆளை விழுங்கும் பூதம். சீமாட்டி ஒருத்தி டோபியின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஆண்டு முடிவதற்குள் இலங்கைக்கும் வந்து போனார். லண்டன் பிள்ளைக்கு டோபி வெறும் ஓசை. தோட்டத்துப் பிள்ளைக்கு அவர் துணி மூட்டையோடு வரும் ஆள். "அவர் ஏன் சும்மா இருந்தாரு?" என்றுதான் அது கேட்கும். லியரிடம் பதில் இருந்திராது.

ஆகவே சிறுவர் நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். அச்சுக்குக் கொடுக்குமுன் படியைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க ஆயம்மா போதும். பிள்ளைகள் சிரிக்காத பக்கத்தை, எந்தப் பேராசிரியர் மேற்பார்த்திருந்தாலும், கிழித்துவிடுங்கள்.