ஆறு நாள் அடைப்பு

கேள்வி: ப்ளஸ் டூ முடித்த மகள், லாஜிஸ்டிக்ஸ் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ‘லாரி புக்கிங் வேலைக்கு எதற்கம்மா பட்டம்?’ என்கிறார் அவள் அப்பா. நீங்கள் யார் பக்கம்?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: மகள் பக்கம்! 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீள ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி, 6 நாள் வழியை அடைத்தது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் வரிசைகட்டி நின்றன. காத்திருந்தால் தொழிற்சாலையில் உதிரிபாகம் தீரும். ஆப்பிரிக்காவைச் சுற்றினால் எரிபொருளும் நாளும் கூடும். எது லாபம்? இந்தக் கணக்கைப் போடத்தான் லாஜிஸ்டிக்ஸ் படிப்பில் கையிருப்பு, சுங்க விதி, தேவைக் கணிப்பு என்று பாடம் நடத்துகிறார்கள். சென்னையில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமே இருக்கிறது, விசாரியுங்கள். மகளின் ஆசையைத் தேக்கினால் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம்தான் ஏறும். அப்பாவை உடனே கிளியரன்ஸ் கொடுக்கச் சொல்லுங்கள்!